துலாவும் எண்ணெய்க் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டங்களிலே ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து வாய்க்காலில் நீர் சொரிந்த காட்சியை எம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதே துலாவின் இரும்பு உருவத்தைத் தென் அவுஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும் சந்திக்கும் கூப்பர் வடிநிலத்து எண்ணெய் வயல்களிற் காணலாம். இரவும் பகலும் மேலும் கீழும் அசையும் இவ்வியந்திரத்தைத் "தலையாட்டும் கழுதை" என ஆங்கிலேயர் வேடிக்கையாக அழைப்பர்.

இதன் தத்துவம் எளியது. உத்தரத்தின் ஒரு முனையிலிருந்து உருக்குக் கம்பிகள் ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, ஆயிரம் மீற்றருக்கும் அப்பால் கிணற்றின் அடிவரை தொங்குகின்றன. அடியிலுள்ள பம்பில் இரண்டு வால்வுகள் உண்டு. கம்பி மேலெழும்போது மேல்வால்வு மூடி எண்ணெயைத் தூக்கும். கீழ்வால்வு திறந்து புதிய எண்ணெயை உள்வாங்கும். கம்பி இறங்கும்போது இவை மாறி இயங்கும். சுமையைச் சமப்படுத்த மறுபுறத்திற் பாரக்கட்டிகள் சுழல்கின்றன.

சிக்கல் யாதெனில், கிணறு ஊறும் வேகத்தை மேலே நிற்பவர் அறியார். மெதுவாக இறைத்தால் எண்ணெய் மட்டம் உயர்ந்து ஊற்றைத் தடுக்கும். விரைவாக இறைத்தாலோ பம்பு அரைகுறையாகவே நிறையும். இறங்கும் உருளை எண்ணெயின் மேற்பரப்பிற் சம்மட்டிபோல் மோதும். நாளடைவிற் கம்பி அறுந்து கிணறு முடங்கும்.

கம்பியின் சுமையையும் அசைவையும் வரைபடமாக்கி நோய் அறியும் முறை நெடுங்காலமாக உண்டு. ஆயினும் நீண்ட கம்பி சுருள்வில்போல் இழுபடுவதால் மேலே பெறும் படம் அடியின் நிலையை மறைத்துவிடும். ஷெல் நிறுவனத்தின் பொறியியலாளர் கிப்ஸ் 1963 இல் வெளியிட்ட ஆய்விலே, அலைச் சமன்பாட்டைக் கணனி மூலம் தீர்த்துக் கம்பித் தொடரின் நடத்தையைக் கணிக்கும் வழியைக் காட்டினார். இன்றைய மென்பொருள்களுக்கு அதுவே அத்திவாரம். கிணற்றருகே வைக்கப்பட்ட சிறு கணனி ஒவ்வோர் இழுப்பையும் ஆராய்ந்து, பம்பு நிறையாதபோது இயக்கத்தை நிறுத்தி, கிணறு ஊறிய பின்னர் மீண்டும் தொடக்குகின்றது. கூப்பர் வடிநிலத்தில் 2018 இல் சன்ரோஸ் நிறுவனம் சூரிய சக்தியில் இயங்கும் இத்தகைய இயந்திரத்தையும் பரீட்சித்தது.

எனினும் மென்பொருள் மட்டும் போதாது. படத்தின் வடிவம் வாயுவைக் குறிக்கின்றதா, தேய்ந்த வால்வைக் குறிக்கின்றதா, அறுந்த கம்பியைக் குறிக்கின்றதா எனப் பகுத்தறியப் பழகிய கண் வேண்டும். பிழையான தரவை ஊட்டினால் கணனியும் பிழையாகவே விடை பகரும். ஆதலாற்றான் இத்துறையிலே பயிற்சிக்கும் முதலிடம் வழங்கப்படுகின்றது.

இதில் எமக்கென்ன என வாசகர் வினவலாம். எமது குடாநாட்டின் நன்னீர் சுண்ணாம்புப் பாறையினுள்ளே உவர்நீரின்மீது மிதந்து நிற்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் மனித வலுவே எல்லையாக இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது எரிபொருளின்றி நீரிறைக்கும் இயந்திரங்கள் பல முடங்கின. இன்று விசையை அழுத்தினால் நீர் பாய்கின்றது; ஊற்றின் அளவை எவரும் கேட்பதில்லை. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் எழும். அறுந்த கம்பியை மாற்றலாம்; உவராகிய கிணற்றை மீட்பது எளிதன்று.

எண்ணெய்க் கிணற்றுக்குக் காட்டும் கரிசனையை நன்னீர்க் கிணற்றுக்குக் காட்டலாகாதா? நீர்மட்டம் தாழ்ந்ததும் பம்பைத் தானாக நிறுத்தும் கருவி சிக்கலானதன்று. சிட்னியிலும் மெல்பேணிலும் பொறியியல் கற்கும் எம் இளையோர், இந்நுட்பத்தைப் பயின்று ஊரின் தோட்டக்காரருக்கு விளங்கும் தமிழிலே எடுத்துரைப்பாராயின், அதுவே தாயகத்துக்கு ஆற்றும் பெருந்தொண்டாகும். ஊற்றறிந்து இறைப்போம்.