இரும்புக்குக் கைகொடுக்கும் கனிகள்

ஒரு பெண் கர்ப்பமுற்றிருக்கிறாள் என்றால், பார்க்க வருபவர்கள் மாதுளம்பழமும் பேரீத்தம்பழமும் வாங்கி வருவது எங்கள் வீடுகளில் வழக்கம். "நல்லாச் சாப்பிடுங்க, ரத்தம் ஊறும்" என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இங்கு விளக்க விரும்புகிறேன்.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகிறது. செங்குழியங்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழந்தையும் தன் முதல் மாதங்களுக்கான இரும்பைத் தாயிடமிருந்தே சேமிக்கிறது. ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமிலும் (நடு மூன்று மாதங்களில் 10.5) குறைந்தால் அது இரத்தசோகை. இதனால் களைப்பும் மூச்சிரைப்பும் வரும். குறைமாதப் பிரசவம், நிறை குறைந்த குழந்தை போன்ற ஆபத்துகளும் கூடும்.

கர்ப்பிணிக்கு நாளொன்றுக்குச் சுமார் 27 மில்லிகிராம் இரும்பு தேவை. 100 கிராம் பேரீத்தம்பழத்தில் இருப்பதோ ஏறத்தாழ 1 மில்லிகிராம்தான். மாதுளையில் அதிலும் குறைவு. பேரீத்தம்பழத்தை மட்டும் நம்பினால் தினமும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும்!

அப்படியானால் பழத்தால் பயனில்லையா? உண்டு. கீரை, பருப்பு, கடலை ஆகியவற்றிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. விற்றமின் சி அதை உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றில் இருக்க வேண்டும். எனவே முருங்கை இலைச் சுண்டலும் பருப்பும் உண்ணும்போதே கொய்யாப்பழமோ தோடம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள். கொய்யாவில் தோடம்பழத்தைப்போல் நான்கு மடங்கு விற்றமின் சி உண்டு, விலையும் குறைவு. சுண்டலுக்குத் தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் விடுங்கள். சூடு விற்றமின் சியை அழித்துவிடும்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிப்பதை விட வேண்டும். அது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலமாவது போகட்டும். கல்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது.

என் ராத்தா கர்ப்பமாயிருந்தபோது, "மாத்திரை குமட்டுது, பழமே போதும்" என்றார். வீட்டுக்கு வந்த மருத்துவ மாது, "பழம் துணைதான் பிள்ளை, மருந்தில்ல. ராவைக்குச் சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்க" என்றார். ராத்தா மாத்திரையை நிறுத்தவில்லை. தலசீமியா, புழுத்தொற்று போன்றவற்றாலும் இரத்தசோகை வரலாம். ஆகவே காரணத்தை வைத்தியரே கண்டறிய வேண்டும். நீரிழிவு உள்ள தாய்மார் பழத்தின் அளவையும் அவரிடமே கேட்டறிய வேண்டும்.

மாணவச் சகோதரிகளே, மாதவிடாயால் மாதந்தோறும் நாமும் இரும்பை இழக்கிறோம். கர்ப்பம் தரித்த பிறகு சேமிக்கத் தொடங்குவது பிந்திய வேலை. பகல் சோற்றோடு ஒரு கொய்யாப்பழம் உண்ணும் பழக்கத்தை இன்றே தொடங்குவோம்.