1,155 ஆட்டங்கள் காத்திருந்தவர்

2023 ஏப்ரல் 26. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், பைரேட்ஸ் பேஸ்பால் அணி லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியை எளிதாக வென்றுகொண்டிருந்தது. எட்டாவது இன்னிங்சில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர் மட்டையோடு நடந்து வந்தார். பெயர் ட்ரூ மாகி, வயது 33. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை அவர் எந்தச் சாதனையும் செய்திருக்கவில்லை. 13 பருவங்கள், 1,155 ஆட்டங்கள் கீழ்நிலை லீக்குகளில் ஆடிவிட்டு, அன்றுதான் முதன்முறையாக மேஜர் லீக்கில் மட்டை பிடித்தார். அவ்வளவுதான். மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழந்தார். கைதட்டல் நிற்கவில்லை. சில நாள் கழித்து வாஷிங்டனில் முதல் ஹிட் கிடைத்தது. அதன்பின் மீண்டும் கீழ்நிலை அணிக்கே அனுப்பப்பட்டார்.

என் நண்பர்களிடம் இதைச் சொன்னால், "இதுக்கா 13 வருஷம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நம் ஊரில் பேஸ்பால் பார்ப்பவர்கள் குறைவு. இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு விதிகள் ஓரளவு பிடிபடும். பிடிபடாத விஷயம் அதன் ஏணி. காற்பந்தில் லமீன் யமால் 15 வயதிலேயே பார்சலோனாவின் முதல் அணிக்கு ஆடிவிட்டார். பேஸ்பாலில் அப்படி நடப்பதில்லை. மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு அணிகள், ஆக 120. அதற்கும் கீழே புதியவர்களுக்கான பயிற்சி லீக்குகள். கல்லூரியில் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், அநேகமாக எல்லாரும் கீழ்ப்படியிலிருந்துதான் ஏற வேண்டும். பெரும்பாலோர் உச்சிப்படியைத் தொடாமலேயே விலகுகிறார்கள்.

இந்த அணிகள் இருப்பது பெரும்பாலும் சின்ன ஊர்களில். பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும். அலபாமா மாநிலத்தின் ஓர் அணிக்கு மாண்ட்கோமரி பிஸ்கட்ஸ் என்று பெயர். (அங்கே பிஸ்கட் என்றால் நாம் தேநீரில் தொட்டுச் சாப்பிடுவதல்ல, மெத்தென்ற ஒருவகை ரொட்டி.) கூடைப்பந்து மன்னன் மைக்கல் ஜோர்டனும் 1994இல் அதே மாநிலத்தின் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியில் ஒரு பருவம் ஆடினார். உலகின் மிகப் பிரபலமான விளையாட்டாளருக்கே அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை.

ஜோர்டனுக்குப் பணக் கவலை இல்லை. மற்றவர்களுக்கு? 2019இல் சிங்கிள்-ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 290 டாலர், டிரிபிள்-ஏ என்றால் 502 டாலர். அதுவும் பருவம் நடக்கும் சுமார் ஐந்து மாதங்களுக்கு மட்டும். பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாமுக்குச் சம்பளம் கிடையாது. ஒரே வாடகை வீட்டில் ஐந்தாறு பேர் காற்றடைத்த மெத்தையில் படுத்தார்கள். குளிர்காலத்தில் கார் ஓட்டியும் கிடங்கில் பெட்டி தூக்கியும் சமாளித்தார்கள். உடலைத் தயார்நிலையில் வைத்திருப்பதும் அவர்கள் பொறுப்புதான்.

தொழிலாளர் சட்டப் பாடத்தின் கலந்துரையாடல் வகுப்புக்காக இதைத் தேடிப் படித்தேன். அங்கே ஒரு பெயர் கண்ணில் பட்டது: கேரட் புரோஷுயிஸ். 2004இல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி தேர்ந்தெடுத்த பந்து வீச்சாளர். சில ஆண்டுகள் கீழ்நிலை லீக்குகளில் ஆடினார், மேஜர் லீக்கை எட்டவில்லை. விளையாட்டை விட்டுவிட்டுச் சட்டம் படித்தார். 2014இல், ஏரன் சென் என்ற முன்னாள் ஆட்டக்காரர் உள்ளிட்டோர் சார்பில், குறைந்தபட்ச ஊதியம் கேட்டு மேஜர் லீக் மீதே வழக்குத் தொடுத்தார்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. 2018இல் அமெரிக்க நாடாளுமன்றம் 2,232 பக்கச் செலவு மசோதா ஒன்றை நிறைவேற்றியது. அதற்குள் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்பாற்றும் சட்டம்' என்று ஒரு பகுதி நுழைந்திருந்தது. கீழ்நிலை ஆட்டக்காரர்களுக்குக் கூடுதல் நேர ஊதியம் தர வேண்டியதில்லை என்றாக்கியது அந்தப் பகுதி. காப்பாற்றப்பட்டது யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைச் சுட்ட வாதம் வேறு. பயிற்சி முகாமில் ஆட்டக்காரர்கள் தொழிலாளர்கள் அல்லர், பயிற்சி பெறும் மாணவர்களைப் போன்றவர்கள், பலனடைவது அவர்கள்தான், ஆகவே ஊதியம் தேவையில்லை என்று நீதிமன்றத்தில் மேஜர் லீக் தரப்பு சொன்னது. வகுப்பில் இதை வாசித்தபோது பின்வரிசையில் ஓர் அக்கா பலமாகச் சிரித்துவிட்டார். முந்தைய ஆண்டு ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் தொழில்துறைப் பயிற்சி செய்தவர் அவர். காலை எட்டரை முதல் இரவு ஏழு வரை வேலை. அலவன்ஸ் ஒரு காசு இல்லை, எல்ஆர்டி கட்டணம் அப்பா கொடுத்தது. "எனக்கும் இதையேதான் சொன்னாங்க. அனுபவம்தான் உனக்குச் சம்பளம்னு," என்றார்.

2022 மார்ச்சில் நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை. பயிற்சியும் வேலைதான், அவர்கள் ஆண்டு முழுவதும் தொழிலாளர்களே என்றார். அதே ஆண்டில் வழக்கு 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அணிகளே தங்குமிடம் தரத் தொடங்கின. செப்டம்பரில் கீழ்நிலை ஆட்டக்காரர்கள் மேஜர் லீக் ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் வந்த முதல் கூட்டு ஒப்பந்தம் சிங்கிள்-ஏ ஆண்டுச் சம்பளத்தை 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராகவும், டிரிபிள்-ஏ சம்பளத்தை 17,500இலிருந்து 35,800 டாலராகவும் உயர்த்தியது. அதே ஆண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 720,000 டாலர். இரண்டு படிகளுக்கும் நடுவே எவ்வளவு உயரம் பாருங்கள்!

பிறகு ஏன் போகிறார்கள்? மைக் பியாசா போன்றவர்களால். 1988 தேர்வில் 62ஆவது சுற்றில், 1,390ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 2016இல் புகழரங்கில் இடம்பெற்றார். இப்படி ஒரு கதை இருந்தால் ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். ஆனால் இன்று தேர்வே 20 சுற்றுதான். இன்னொரு பியாசாவுக்குப் பட்டியலில் இடமே இருக்காது.

இந்தியாவிலிருந்தும் இருவர் போனார்கள். 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் ஆயிரக்கணக்கானோரைத் தாண்டி வந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்த கிராமத்துப் பையன்கள். பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 'மில்லியன் டாலர் ஆர்ம்' (2014) படத்தை ஏ.ஆர். ரஹ்மான் இசைக்காக நீங்கள் பார்த்திருக்கலாம். படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. நிஜத்தில் பட்டேலை 2010இல் அணி விடுவித்தது. ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், முழங்கைக் காயம் அவரை நிறுத்தியது. 2018இல் மல்யுத்தப் பொழுதுபோக்கு நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயில் சேர்ந்தார். எனக்கு அந்தப் படத்தைவிட அதற்குப் பிந்தைய வருடங்கள்தான் சுவாரசியம்.

அவர்களாவது இருபது வயதை ஒட்டிப் போனார்கள். டொமினிக்கன் குடியரசில் 16 வயதிலேயே ஒப்பந்தம். நம்மில் பலர் எஸ்பிஎம் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வயது. பந்துக்காகப் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அங்கே பலர். இருபதில் அணி விடுவித்தால் கையில் சான்றிதழும் இல்லை. சம்பள உயர்வு நல்ல செய்திதான், ஆனால் இந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு முழு மகிழ்ச்சி வருவதில்லை.

அங்கே இரவு ஏழு மணி ஆட்டம் என்றால் இங்கே காலை ஏழு மணி. வகுப்புக்குக் கிளம்பும் முன் இரண்டு மூன்று இன்னிங்ஸ் கைப்பேசியில் பார்த்துவிடலாம். கூட்டம் அதிகம் இருக்காது, யாருடைய பெயரும் நமக்குத் தெரியாது. ஒரு தரைப்பந்தைப் பிடிக்க அவர்கள் பாய்வதைப் பார்த்தால் இறுதியாட்டம் என்றே தோன்றும்.

அடுத்த பருவம் எனக்கும் தொழில்துறைப் பயிற்சி. போன வாரம் நேர்முகம். கடைசியில், "ஏதாவது கேட்கணுமா?" என்றார் அந்த அதிகாரி. அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மாதம் 800 வெள்ளி என்றார். மணி ஆறுக்கு மேல் இருந்தால் என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்டேன்.