திருவாதிரையை அளந்த கதை



"நட்சத்திரத்துக்கு யாருமே போனதில்லை. அப்புறம் எப்படி அது சூரியனை விட 700 மடங்கு பெருசுன்னு எழுதுறாங்க? சும்மா அடிச்சு விடுறாங்க!" என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான். அளக்காமல் சொன்னால் அது அறிவியல் இல்லையே. அதனால் திருவாதிரை நட்சத்திரத்தை எப்படி அளந்தார்கள் என்று எழுதுகிறேன்.

முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். அந்த மூன்றுக்கும் இடது பக்கம் சிவப்பாக ஒன்று மின்னும். அதுதான் திருவாதிரை. மார்கழியில் களி செய்து கொண்டாடுகிறோமே, அதே திருவாதிரை! ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் என்கிறார்கள். வலது பக்கம் இருக்கிற இன்னொரு பெரிய நட்சத்திரம் நீலம் கலந்த வெள்ளை. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள், நிறம் நன்றாகத் தெரியும்.

இப்போது அளவுக்கு வருவோம். ஒரு பொருள் எவ்வளவு அகலம் என்று தெரிய இரண்டு விஷயம் வேண்டும். அது நம் கண்ணில் எவ்வளவு கோணத்தை அடைக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இரண்டும் தெரிந்தால் வெறும் பெருக்கல்தான்.

கோணம்தான் முதல் தொல்லை. ஒரு டிகிரியை 3600 பங்காக வெட்டினால் ஒரு பங்குக்குக் கோண விநாடி என்று பெயர். நிலா சுமார் 1800 கோண விநாடி அகலம். திருவாதிரையோ 0.05கூட இல்லை! 2 செ.மீ. அகலமுள்ள ஒரு நெல்லிக்காயை 88 கி.மீ. தள்ளி வைத்துவிட்டு இங்கிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? அவ்வளவுதான். தொலைநோக்கியில் பார்த்தால்கூட வெறும் புள்ளிதான் தெரியும், அதுவும் காற்றில் நடுங்கும்.

இதற்கு ஒரு வழியைச் செய்து காட்டியவர் ஆல்பர்ட் மைக்கேல்சன். குளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கல்லைப் போட்டால் இரண்டு அலையும் மோதி, சில இடம் எழும்பும், சில இடம் அடங்கிப் போகும் இல்லையா? ஒளியும் அலைதான். ஒரே நட்சத்திரத்தின் ஒளியை இரண்டு கண்ணாடியில் வாங்கி ஒன்றாகச் சேர்த்தால் வெளிச்சமும் இருட்டுமாகக் கோடு கோடாகத் தெரியும், ஜன்னல் கம்பி நிழல் மாதிரி. நட்சத்திரம் வெறும் புள்ளி என்றால் இந்தக் கோடுகள் அழியவே அழியாது. அதற்கு அகலம் இருந்தால்தான் வேடிக்கை. ஒரு ஓரத்து ஒளி ஒரு கோட்டு வரிசை போடும். மறு ஓரத்து ஒளி சற்று விலகி இன்னொரு வரிசை போடும். கண்ணாடிகளைத் தள்ளித் தள்ளி வைக்க வைக்க அந்த விலகல் கூடும். ஒரு கட்டத்தில் ஒன்றின் வெளிச்சம் மற்றதின் இருட்டில் விழுந்து எல்லாக் கோடும் அழிந்து போகும். எவ்வளவு இடைவெளியில் அழிந்தது என்று பார்த்தால் கோணம் கிடைத்துவிடும்! (எனக்கு இது புரிய இரண்டு நாள் ஆயிற்று. நீங்களும் இன்னொரு தடவை படியுங்கள்.)

அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் அன்றைக்கு உலகத்திலேயே பெரிய தொலைநோக்கி இருந்தது. 100 அங்குலம். அதன் தலையில் 20 அடி இரும்புச் சட்டத்தை ஏற்றிக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். 1920 டிசம்பர் 13ஆம் தேதி இரவு பிரான்சிஸ் பீஸ் என்பவர் கண்ணாடிகளைத் தள்ளிக்கொண்டே போனார். இடைவெளி சுமார் 10 அடி ஆனதும் கோடுகள் காணவில்லை. ஒருவேளை காற்று கலங்கியதாலோ என்று சந்தேகம் வருமே? வேறு நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். அதில் கோடு இருந்தது. விடை 0.047 கோண விநாடி. சூரியனைத் தவிர வேறு நட்சத்திரத்தை மனிதன் இப்படி அளந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் அவர்கள் சொன்ன அகலம் வெறும் 39 கோடி கி.மீ. இப்போது சொல்வது 100 கோடிக்கு மேல்! கோணம் கிட்டத்தட்ட சரிதான். தூரம்தான் காலை வாரிவிட்டது.

கட்டை விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பாருங்கள், விரல் இடம் மாறும். அதே மாதிரி பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போனதும் நட்சத்திரம் கொஞ்சம் நகர்ந்த மாதிரி தெரியும். அதை வைத்துத்தான் தூரம் கண்டுபிடிக்கிறார்கள். திருவாதிரையில் என்ன சிக்கல் என்றால், அது நகர்கிற அளவை விட அதன் உடம்பு பெருசு! அதோடு அதன் மேற்பரப்பு உலைத் தண்ணீர் போலக் கொதிக்கிறது. வெளிச்சத் திட்டுகள் இடம் மாறுவதால் எது நடுப்புள்ளி என்றே பிடிபடாது. ஹிப்பார்கஸ் விண்கலத்தின் அளவுப்படி 1997இல் 430 ஒளியாண்டு என்றார்கள். 2008இல் ரேடியோ தொலைநோக்கியையும் சேர்த்து 640. 2017இல் 720. 2020இல் அது சுருங்கி விரிகிற துடிப்பை வைத்துக் கணக்குப் போட்டு சுமார் 550. இந்த 550ஐ எடுத்துக்கொண்டு, அகச்சிவப்பு ஒளியில் அளந்த 0.042 கோண விநாடியால் பெருக்கினால் 106 கோடி கி.மீ. வரும். சூரியனைப் போல சுமார் 760 மடங்கு. சூரியன் இடத்தில் வைத்தால் பூமியும் செவ்வாயும் உள்ளே போய்விடும், வியாழன் தப்பிக்கும். 720 ஒளியாண்டு என்றால் 1000 மடங்கு ஆகிவிடும். புத்தகத்துக்குப் புத்தகம் வேறு எண் இருப்பது இதனால்தான். யாரும் அடிச்சு விடவில்லை.

வெப்பநிலை சுலபம். பட்டறையில் இரும்பு முதலில் சிவக்கும், சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்கும். சிவப்பு நட்சத்திரமும் சூடு குறைந்தது. நிறமாலையில் டைட்டானியம் ஆக்சைடு உறிஞ்சிய பட்டைகள் எவ்வளவு கறுப்பு என்று பார்த்து இன்னும் சரியாகச் சொல்கிறார்கள். சூடு அதிகமானால் அந்த மூலக்கூறு உடைந்துவிடும். திருவாதிரை சுமார் 3500 கெல்வின், சூரியன் 5800. அதனால் ஒரு சதுர மீட்டர் பரப்பு சூரியனில் ஏழில் ஒரு பங்கு ஒளிதான் விடும். ஆனால் பரப்பு 760 × 760 மடங்காயிற்றே! பெருக்கி 7ஆல் வகுத்துப் பாருங்கள், 80 ஆயிரம் சூரியன் வரும்.

இந்த அளவெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்பீர்கள். 2019 கடைசியில் திருவாதிரை மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். வெடிக்கப் போகிறது என்று உலகமே பேசியது. அதே பிப்ரவரியில் இரண்டு பேர் அந்த டைட்டானியம் பட்டைகளை அளந்தார்கள். 3600 கெல்வின். 2004இல் அளந்ததற்கும் இதற்கும் 50 டிகிரிதான் வித்தியாசம். இவ்வளவு மங்க அது போதாது. அப்படியானால் நடுவில் ஏதோ மறைக்கிறது! சிலி நாட்டுத் தொலைநோக்கி எடுத்த படத்தில் தெற்குப் பாதி இருட்டாக இருந்தது. 2021இல் முடிவு வந்தது: அதுவே கக்கிய வாயு, குளிர்ந்த ஒரு திட்டுக்கு மேலே தூசியாகி மறைத்திருக்கிறது. அந்தத் தூசி கலைந்து, 2020 ஏப்ரலிலேயே திருவாதிரை பழையபடி சிவந்துவிட்டது.