லென்ஸ் இல்லாமல் வானத்தைப் பார்ப்பது எப்படி? ஆஸ்ட்ரோசாட் செய்யும் நிழல் வேலை

2019 டிசம்பர் 26 காலை, வளைய சூரிய கிரகணம் புதுக்கோட்டை வழியாகக் கடந்து போனது. இந்த மாதிரி கிரகணத்தில் மரத்தடியைக் கவனித்தால், தரையெங்கும் குட்டிக் குட்டி ஒளி வளையங்கள் விழும். ஒவ்வொரு இலை இடுக்கும் ஊசித்துளை கேமராவாகி, சூரியனைப் படம் காட்டும். லென்ஸ் கிடையாது, துளையும் நிழலும் மட்டும்தான். இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள ஒரு எக்ஸ்ரே கருவியும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது.

லென்ஸ் ஏன் உதவாது?

எக்ஸ்ரே சாதாரண லென்ஸில் வளையாது. கண்ணாடியில் நேராகப் பட்டால் திரும்பாது, உள்ளே போய்விடும். கண்மாயில் தட்டைக்கல்லைச் சாய்வாக வீசினால் தத்திப் போகும், நேராகப் போட்டால் மூழ்கும் அல்லவா? அதுபோல மிகச் சாய்வாகப் பட்டால்தான் எக்ஸ்ரே தெறிக்கும். அப்படிச் செய்த தொலைநோக்கிகள் பொதுவாக வானத்தில் சின்னப் பகுதியைத்தான் பார்க்கும். ஆற்றல் கூடக்கூட இந்த வழியும் கடினமாகிறது.

நிழலை எப்படிப் படிக்கிறது?

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது. அதிலுள்ள சிஇசட்டிஐ கருவியின் மேலே, குறிப்பிட்ட வடிவத்தில் துளைகள் போட்ட டான்டலம் தகடு இருக்கிறது. கீழே 64 டிடெக்டர்கள், மொத்தம் 16,384 பிக்சல்கள். எக்ஸ்ரே வரும் திசை மாறினால், தகட்டின் நிழலும் நகரும். அந்த நிழலை வைத்து, கதிர் எங்கிருந்து வந்தது என்று கணினி கண்டுபிடிக்கும்.

டிடெக்டர் காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் கலந்த படிகம். எக்ஸ்ரே துகள் மோதினால் உள்ளே எலெக்ட்ரான்கள் விடுபட்டு, சின்ன மின்துடிப்பு கிளம்பும். துடிப்பு எவ்வளவு பெரிசோ, துகளின் ஆற்றலும் அவ்வளவு. திரவ நைட்ரஜன் போன்ற கடும் குளிரூட்டலும் இதுக்குத் தேவையில்லை.

ஆற்றல் 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால், கதிர்கள் தகட்டையும் பக்கச் சுவரையும் ஊடுருவி வந்துவிடும். படம் தெளிவாக இருக்காது. ஆனால் ஒரு லாபம்: கருவிக்கு எல்லாத் திசையும் தெரிய ஆரம்பிக்கும். இப்படி அது பிடித்த காமா கதிர் வெடிப்புகள் 500-ஐத் தாண்டிவிட்டன.

பூமி மறைத்த வெடிப்பு

இந்த அகலப் பார்வைக்கும் ஒரு தடை உண்டு: பூமி. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளி ஆண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை பதிவானது. 1.7 விநாடி கழித்து வந்த காமா வெடிப்பை நாசாவின் ஃபெர்மி பிடித்தது. ஆஸ்ட்ரோசாட்டுக்கு அது தெரியவில்லை. அந்த நேரத்தில் பூமி குறுக்கே நின்றது. தெரியாததும் ஒரு தகவல்தான். வெடிப்பு நடந்த திசையைக் குறுக்க அது உதவியது.

இரண்டு கண்கள்

இதற்கான தீர்வாக, ஐஐடி பாம்பே தலைமையில் இந்திய ஆய்வு நிறுவனங்கள் முன்மொழிந்துள்ள திட்டம்தான் 'தக்ஷா'. பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு செயற்கைக்கோள்கள்; ஒன்றுக்குப் பூமி மறைத்தால் மற்றது பார்க்கும். ஆஸ்ட்ரோசாட்டில் பழகிய அதே வகைப் படிகமும் அதில் இடம்பெறும். சில வெடிப்புகள் 2 விநாடியிலேயே முடிந்துவிடும். தகவல் கேட்டுத் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. அந்த நொடியில் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் அது கிடைக்கும்.