ஒரே அச்சில் பிறந்த படகு

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் திருக்குளத் தெப்பத்தை நன்கறிவோம். பந்தயப் பாய்மரப் படகை அவ்வளவாக அறியோம். ஆயினும் நமக்கு அண்மையிலுள்ள வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அத்தகைய படகைச் செலுத்தி வெண்கலம் வென்றார்.

லேசர் என வழங்கிய அப்படகை 1969-இல் கனடாவின் புரூஸ் கிர்பி வரைந்தார். நீளம் 4.23 மீட்டர்; கூட்டின் எடை ஏறத்தாழ 59 கிலோ. மேற்பகுதியும் அடிப்பகுதியும் தனித்தனி அச்சுகளில், கண்ணாடியிழையைப் பிசினில் தோய்த்துப் படியவைத்து உருவாக்கப்படுகின்றன. இறுகியபின் இரண்டையும் ஒட்டுவர். எந்நாட்டில் செய்யினும் வடிவம் மாறலாகாது. ஆடவர்க்குரிய பாய் 7.06 சதுர மீட்டர், மகளிர்க்குரியது 5.76, கூடோ ஒன்றே.

ஆதலின் செல்வர் விரைவான படகை விலைக்கு வாங்கி வெல்ல இயலாது. காற்றின் போக்கறிந்தவரே முந்துவர்.