சொத்தை இல்லாத பல் ஏன் வலிக்கிறது?

பல்வலி என்றதும் சொத்தையைத் தேடுவது நம் வழக்கம். கண்ணாடியில் பார்த்தால் பல் முழுமையாக இருக்கிறது; இரவிலோ விண்விண்ணென்று தெறிக்கிறது. "எந்தப் பல் என்றே சொல்லத் தெரியவில்லை, பிடுங்கிவிடுங்கள்" என்று வருவோரை அடிக்கடி காண்கிறோம். பிடுங்குவது எளிது. ஆனால் வலியின் மூலம் வேறிடத்தில் இருந்தால், பல்லும் போகும், வலியும் நிற்காது.

ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றியே வளரும். பல் துலக்கும்போது இரத்தம் கசிதல், வாய் நாற்றம், பல் ஆட்டம் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஆகவே ஈறு நோய் உள்ளவருக்குத் திடீரென வலி எடுத்தால், புதிதாக ஏதோ நேர்ந்துள்ளது என்றே கொள்கிறோம். ஈற்றுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். தொற்று வேர்வழியே பற்கூழை எட்டியிருக்கலாம். பல்லில் கண்ணுக்குப் புலப்படாத விரிசல் இருக்கலாம்.

இவற்றைப் பிரித்தறிய உதவுவது மில்லிமீட்டர் அளவு குறித்த ஒரு மெல்லிய கம்பி. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு ஈடாகாது என்பது எங்கள் எண்ணம். ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே அதனை மெதுவாக நுழைத்து, ஒவ்வொரு பல்லையும் சுற்றி 6 இடங்களில் அளக்கிறோம். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. அதைவிட ஆழமான பள்ளம் பரவலாக இருந்தால் ஈறு நோயின் போக்கு. ஓரிடத்தில் மட்டும் கம்பி குறுகலாக ஆழ இறங்கினால் வேர் விரிசலை ஐயுறுகிறோம். எக்ஸ்ரே எலும்புத் தேய்வைக் காட்டும். விரிசலைப் பல நேரங்களில் காட்டாது.

அடுத்து, குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைக்கிறோம். கூச்சம் தோன்றி உடனே மறைந்தால் பற்கூழ் நலமாக உள்ளது. சீழை வடித்து, வேரைச் சுத்தம் செய்வதே போதுமானதாகலாம். உணர்வே இல்லையெனில் கூழ் இறந்திருக்கக்கூடும். அப்போது வேர்ச்சிகிச்சையும் தேவைப்படும்.

ஈற்றில் அடிக்கடி சீழ் கட்டுவோருக்குச் சர்க்கரைப் பரிசோதனையும் செய்கிறோம். மேல் கடைவாய்ப் பற்கள் பல சேர்ந்து வலித்து, குனிந்தால் வலி மிகுமானால் சைனஸைப் பார்ப்போம். நடக்கையில் கீழ்த்தாடை வலித்து, நின்றால் அடங்குமானால் அது இதயத்தின் குரலாக இருக்கலாம். பல் மருத்துவத்துக்கு முன் இசிஜி எடுக்க வேண்டும்.

ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் அடக்கி வைக்காதீர்கள்; ஈறு வெந்துவிடும். காய்ச்சலோ, தாடைக்கடியில் வீக்கமோ, விழுங்குவதில் சிரமமோ இருந்தால், விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.