பையனுக்கு கிதார் வரலையா? குற்றவாளி பையன் அல்ல!

கடையிலேயே கண்டுபிடிக்க 2 நாணயம் போதும்

உத்திரமேரூர்,

ஆசை ஆசையாக கிதார் வாங்குகிறார்கள். 2 வாரம் வாசிக்கிறார்கள். விரல் கன்றிப் போகிறது. 3-வது வாரம் கிதார், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. "உனக்கு இதெல்லாம் வராதுடா" என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லி விடுகிறார்கள்.

பல வீட்டில் நடக்கிற கதைதான் இது. ஆனால் தீர்ப்பு தப்பு! பல வழக்கில் குற்றவாளி பையன் அல்ல. அவன் கையில் கொடுத்த கிதார்தான்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

கம்பியில்தான் சதி

கிதாரில் 6 கம்பி. கழுத்துப் பகுதியில் குறுக்கே வரிசையாக உலோகப் பட்டைகள் பதித்திருப்பார்கள். இதற்குப் பெயர் 'பிரெட்'. கம்பியை விரலால் அமுக்கி இந்தப் பட்டையில் படவைத்தால்தான் சுரம் பிறக்கும்.

கம்பி பட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் லேசாக அமுக்கினால் போதும். உயரத்தில் இருந்தால்? பலம் கொண்ட மட்டும் அழுத்த வேண்டும். விரல் நுனி கிழியும். அப்படியும் சுருதி ஏறிப்போய் அபசுரமாகக் கேட்கும். பழகுகிறவனுக்கு இது தெரியாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக் கொள்வான். மலிவு விலை கிதார்களில் இந்தக் கோளாறு ரொம்ப சகஜம்.

நாணயச் சோதனை

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். 2 ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள். சுமார் 3 மில்லி மீட்டர் கனம் வரும். 12-வது பிரெட்டுக்கும் அதற்கு மேலே உள்ள தடித்த கம்பிக்கும் நடுவில் அதை நுழைத்துப் பாருங்கள். இரண்டும் சிக்கென்று நின்றால் சரி. மூன்றாவது நாணயமும் தாராளமாகப் போனால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அப்படியே வாங்காதீர்கள்.

அடுத்தது கழுத்து. தச்சர் பலகையைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதே மாதிரி பார்க்க வேண்டும். வளைந்தோ முறுக்கியோ இருந்தால் வேண்டாம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டாக அமுக்கித் தட்டுங்கள். "ஜர்ர்" என்று இரைந்தால் கோளாறு. கம்பியை முறுக்கும் திருகுகளையும் திருப்பிப் பாருங்கள். வழுக்கக் கூடாது.

வாசிக்கவே தெரியாதவர் என்ன செய்வது? தெரிந்தவரைக் கூட அழைத்துப் போக வேண்டியதுதான். ஊரில் யாரும் இல்லையே என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிற அண்ணன் ஒருவராவது கிடைக்காமல் போக மாட்டார். பஸ் செலவும் சாப்பாடும் போட்டு அழைத்துப் போனாலும் லாபம்தான்.

குடவோலை ஊர்

பார்த்துத் தேர்ந்தெடுப்பதை உத்திரமேரூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன்பே குடவோலைத் தேர்தல் நடந்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோவில் மண்டபச் சுவரில் அந்த விதிகள் இன்றும் கல்லெழுத்தாக இருக்கின்றன.

குடத்தில் கையை விட்டு ஓலையை எடுத்தது சின்னப் பையன்தான். ஆனால் ஓலையில் பேர் ஏறுவதற்கு முன்பே வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்கிறதா, சொந்த நிலம் உண்டா, முன்பு பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டினானா என்று அலசி விட்டார்கள். கிதாரையும் அப்படி அலசிவிட்டுத்தான் கலருக்கு ஆசைப்பட வேண்டும்.

எந்தக் கிதார்?

கரண்டில் ஓடும் எலெக்ட்ரிக் கிதார் முதலில் வேண்டாம். அதற்குத் தனியாக ஆம்ப்ளிபயர் வாங்கணும். செலவு இரட்டிப்பு.

சாதாரண கிதாரில் 2 வகை. இரும்புக் கம்பி போட்டது ஒன்று, நைலான் போட்டது ஒன்று. நைலான் விரலுக்கு இதம். இரும்புக் கம்பி சத்தம் கணீரென்று இருக்கும். நைலான் கிதாரில் இரும்புக் கம்பியை மாட்டினால் இழுவிசை தாங்காமல் அடிக்கட்டை பிய்த்துக் கொண்டு வந்து விடும். ஜாக்கிரதை! சின்னப் பிள்ளைகளுக்கு முக்கால் சைஸ் கிதார் இருக்கிறது. "வளர்ந்தால் சரியாகிடும்" என்று பெரிசு வாங்கிக் கொடுக்க இது பள்ளிக்கூடச் சட்டை அல்ல.

கொல்கத்தாவில் தயாராகும் 'கிவ்சன்' கிதார் பல காலமாக வருகிறது. அமெரிக்காவின் 'கிப்சன்' வேறு, இது வேறு. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

நம்ம பக்கத்திலேயே கிதார் தயாராவது பலருக்குத் தெரியாது. ஜப்பானின் யமஹா கம்பெனி பையனூர் பக்கம் இசைக்கருவித் தொழிற்சாலை வைத்திருக்கிறது. பழகுகிறவர்களுக்கான 'எப்-280' கிதார் அங்கே தயாராகிறது. முன்பு அது காஞ்சீபுரம் மாவட்டம். 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டுக்குப் போய் விட்டது.

ஒரகடம் அருகே வல்லத்தில் பைக் செய்கிற யமஹாவும் இந்த இசைக்கருவிக் கம்பெனியிலிருந்து 1955-ல் பிரிந்ததுதான். அதன் சின்னத்தில் இருக்கும் மூன்று கவையும் பள்ளிக்கூடத்தில் பார்த்த இசைக்கவையே! வேன் ஏறி வேலைக்குப் போகிற பையன்கள் தினமும் பார்க்கிற சின்னம்.

சென்னைக்குப் போனால் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 1842-ல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய கடை. உத்திரமேரூரில் இருந்து சுமார் 90 கிலோ மீட்டர். ஒருநாள் போகும். ஆனால் கையில் எடுத்து, தடவி, தட்டிப் பார்க்கலாம். போனில் ஆர்டர் போட்டால் அட்டைப் பெட்டியில் வந்து இறங்கும். நாணயச் சோதனையை வீட்டில்தான் செய்யணும். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

தொங்குகிற கிதாரை என்ன செய்வது?

ஏற்கனவே ஆணியில் மாட்டி விட்டவர்கள் புதுசு வாங்க ஓட வேண்டாம். அடிக்கட்டையின் மேல் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கும். அதை உருவி அடிப்பக்கத்தைத் தேய்த்தால் கம்பி இறங்கி விடும். வாத்தியம் ரிப்பேர் செய்கிறவர் சீக்கிரம் முடித்துக் கொடுப்பார். நாமே அரத்தை எடுத்துத் தேய்த்து, அதிகம் குறைந்து விட்டால் கம்பி "ஜர்ர்" என்று இரையும். வேறு துண்டு வாங்கித்தான் போடணும்.

சிமெண்டு ஷீட்டு வீட்டில், கத்தரி வெயிலில் கூரைக்கு நெருக்கமாக மாட்டி வைத்தாலும் ஆபத்து. சூட்டில் பசை இளகி அடிக்கட்டை தூக்கிக் கொள்ளும். உறை போட்டு, கீழே நிழலான மூலையில் வைக்கணும்.

நல்ல கிதாரிலும் முதல் சில வாரம் விரல் வலிக்கத்தான் செய்யும். நுனித்தோல் காய்த்ததும் வலி போய் விடும். மாதக்கணக்காகியும் வலிக்கிறது என்றால், 2 நாணயத்தை எடுங்கள்.